பாஸ்டன் பெட்டியும் கலிபோர்னியாப் பெட்டியும்

அமெரிக்காவில் செய்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒரு ஜோடி, எழுபதுகளில், மைலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார வேண்டுமானால், அதற்கு முறையான வியாபார மார்க்கம் என்று ஒன்று இருக்கவில்லை. அந்நிய தேசத்து நுகர்பொருள்களுக்கு இறக்குமதி லைசென்ஸ் குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது; 1991-இல் கதவு திறக்கத் தொடங்கும்வரை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஆகவே அந்தப் பெட்டிகள் வியாபாரச் சரக்காக வராமல், மனிதர்களோடு வந்தன. மேல்படிப்புக்குப் போய், சில வருஷம் உத்தியோகம் பார்த்து, பிறகு ஊர் நினைவு வந்தோ, பெற்றோரின் நிர்ப்பந்தத்தாலோ திரும்பியவர்கள், குடிபெயர்ந்து வருவோருக்குச் சுங்க இலாகா கொடுத்த சலுகையில், குளிர்சாதனப் பெட்டியோடும் குழந்தையின் தொட்டிலோடும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஜெமினி மூலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்து உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனவையும் உண்டு. பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டரும் கேஸட்டும் குவிந்து கிடந்தன என்பது வாஸ்தவம். ஆனால் ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் மரப்பெட்டியை மறைத்து எடுத்து வருவதற்கு எந்தக் கடத்தல்காரரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து பல வருஷங்கள், தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு ஒலிச்சாதனக் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். கடையின் முன்பகுதியில் உள்நாட்டுச் சரக்கு இருக்கும்: ரிக்கார்டு பிளேயர்கள், கடையிலேயே ஆள் வைத்துச் சேர்த்த ஆம்ப்ளிஃபையர்கள், தச்சர் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்த பெட்டிகளில் பொருத்திய ஃபிலிப்ஸ் எட்டங்குல ஸ்பீக்கர்கள். பின்னால், திரை தொங்கும் ஓர் அறையில், பழைய ஃபாரின் செட்டுகள். பணம் முடைப்பட்டோ, வீடு மாறியோ, கூடத்தில் இவ்வளவு இடத்தை அடைக்கிறதே என்று மருமகள் முகம் சுளித்தோ, அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, ரசிகர்களுக்கு விற்பது அந்த அறையின் தொழில். வாடிக்கையாளர்கள் அதை ‘உள் ரூம்’ என்பார்கள். “உள் ரூம்லே புதுசா என்ன வந்திருக்கு, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார்கள், கழற்றச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த அறைக்கு வந்த பெட்டிகளில் ஒரு விசேஷத்தைச் சீக்கிரமே கவனித்தேன். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தால், கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எந்தக் கரையில் வாசம் செய்தவர் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அக்கூஸ்டிக் ரிசர்ச் (சுருக்கமாக ஏ.ஆர்.), கே.எல்.எச்., அட்வென்ட், போஸ் ஆகிய நான்கு ஸ்தாபனங்களும் பாஸ்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை, ஆகவே எம்.ஐ.டி.யிலும் அக்கம்பக்கத்துக் கலாசாலைகளிலும் படித்தவர்கள் அவற்றை வாங்கி வந்தார்கள். ஜே.பி.எல்., ஆல்டெக் லான்ஸிங் இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ் பிராந்தியத்தின் பிரஜைகள். கலிபோர்னியாவில் இருந்தவர்களோடு அவை வந்தன. ஜெர்மானியர் உதவியோடு 1959-இல் எழுந்த அடையாறு ஐ.ஐ.டி.யின் குடியிருப்பிலிருந்து எங்கள் கடைக்கு வந்தவற்றில் அநேகமாக எல்லாமே பாஸ்டன் பெட்டிகளாக இருந்தது எனக்கு வெகுநாள் வேடிக்கையாக இருந்தது. இந்த இரண்டு கரைகளுக்கும் ஒலியைப் பற்றிய அபிப்பிராயமே வேறு என்பதும், அந்தச் சச்சரவு கடல் கடந்து வந்து பாண்டி பஜாரின் பின்னறை ஒன்றிலும் தினந்தோறும் நடந்தது என்பதும்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பாஸ்டன் கட்சியின் மூலபுருஷர் எட்கர் வில்சூர். அவரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து 1954-இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். கீழ்ஸ்தாயி நாதம் கம்பீரமாக வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்பது அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட நியதி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அதன் ஸ்தானத்தில் இழுத்துப் பிடித்திருக்கும் விளிம்புத் துணிதான் அந்நாளில் கூம்புக்கு வில்லாக வேலை செய்தது. அந்த வில்லோ, கூம்பு சற்று அதிகமாக அசைந்தால் ஒழுங்கு தப்பி, நாதத்தைக் கெடுக்கும். வில்சூர் என்ன செய்தாரென்றால், அந்த விளிம்பை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாதபடி அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே வில்லாக்கினார். காற்று துணியைவிட ஒழுங்கான வில். அதனால் புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து, பைப் ஆர்கனின் அடிஸ்தாயி வரைக்கும் சுத்தமாக வந்தது. இதே க்ளாஸ் 1957-இல் பிரிந்துபோய்க் கே.எல்.எச்.ஸையும், பத்து வருஷம் கழித்து 1967-இல் அட்வென்ட்டையும் ஸ்தாபித்தார்; ஆகையால் பாஸ்டன் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பச் சாயல் உண்டு.

நம்மூர் டீக்கடைகளில் மண்பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கரை வான்நோக்கிப் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடைபட்ட காற்றுக்கு ஒரு சக்தி உண்டு என்பதை அந்தக் கடைக்காரர் பௌதிகம் படிக்காமலே கண்டுகொண்டிருந்தார். இரண்டும் ஒரே தத்துவம் என்று நான் வாதிக்கமாட்டேன். பானையில் விளிம்பைத் தளர்த்தும் சூட்சுமம் இல்லை. இருந்தாலும் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பானைக்குள்ளிருந்து டி.எம்.எஸ். குரல் புறப்பட்டு வருவதைக் கேட்டிருந்தால் வில்சூர் நின்று ரசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கலிபோர்னியாக் கட்சிக்கு மூலஸ்தானம் சினிமாக் கொட்டகை. ஜேம்ஸ் லான்ஸிங் என்பவர் 1902-இல் மார்ட்டினி என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டவர், முப்பதுகளில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவினர் கொட்டகைகளுக்காக உருவாக்கிய பெரும் ஹார்ன் ஒலிபெருக்கியில் அவருடைய கைவண்ணம் இருந்தது. பிறகு ஆல்டெக் ஸ்தாபனம் அவருடைய கம்பெனியை வாங்கிக்கொண்டது. அங்கேதான் 1945-இல் ‘கொட்டகையின் குரல்’ என்று பொருள்படும் பெயரில் பிரசித்தமான கொட்டகை ஒலிபெருக்கிகள் வெளிவந்தன. மறுவருஷமே லான்ஸிங் விலகித் தம் பெயரின் மூன்று எழுத்துக்களால் இன்று உலகமறிந்த கம்பெனியை ஆரம்பித்தார். வியாபார சாமர்த்தியம் அவருக்கு இல்லை. கடன் முற்றி, 1949-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஜே.பி.எல். என்ற எழுத்துக்களை டீ-ஷர்ட்டில் அணிந்து திரிகிற பிள்ளைகளுக்கு இந்தச் சோகம் தெரிந்திருக்க நியாயமில்லை.

கொட்டகைக்கு என்று பிறந்த ஒலிபெருக்கி, கூட்டத்தின் கடைசி பெஞ்சு வரை வசனம் எட்டவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. சிறிதளவு மின்சக்தி கொடுத்தால் பேரொலியாகத் திருப்பித் தரும். குரலை முன்னால் தள்ளி நிறுத்தும். சென்னைக்காரரின் காதுக்கு அந்த ஸ்வபாவம் அந்நியமானதல்ல. பழைய தமிழ்ப் படங்களின் எழுத்துக்கள் ஓடும்போது ஆர்.சி.ஏ. என்றும் வெஸ்ட்ரெக்ஸ் என்றும் ஒலிப்பதிவு முறையின் பெயர் வருமல்லவா? அமெரிக்கச் சாதனத்தில் பதிவாகி, பெரிய ஹார்ன்களின் வழியாக வந்த நாதமே நமக்குச் சினிமா நாதம். 1964-இல் திறந்த ஸஃபையரிலும், 1970-இல் வந்த தேவியிலும், 1974-இல் வந்த சத்யத்திலும் உட்கார்ந்து காது பழகிய இளைஞர், எங்கள் உள் ரூமில் ஜே.பி.எல்.லின் எல்-100 பெட்டியைக் கேட்டவுடன் பழைய சிநேகிதரைக் கண்டதுபோல் முகம் மலர்வதில் ஆச்சரியம் என்ன? அந்தப் பெட்டி 1970-இல் வந்தது. ரிக்கார்டிங் ஸ்டுடியோக்களுக்கென்று செய்த 4310 என்ற மாடலுக்கு வால்நட் மரச் சட்டை போட்டு, முகத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டிய ஸ்பாஞ்சு மறைப்பு ஒன்றை மாட்டி, வீட்டு உபயோகத்துக்கு என்று விற்றார்கள். ஆரஞ்சு நிற மறைப்போடு ஒரு ஜோடி எங்கள் அறையில் இருந்தபோது, வாங்க உத்தேசமே இல்லாதவர்கள்கூட ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்காலியில் சாய்ந்த ஒருவரின் தலைமுடியும் கழுத்துப்பட்டையும் ஒலியின் வேகத்தில் பின்னோக்கிப் பறக்கும் மாக்ஸெல் கேஸட் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? அதில் எதிரே இருக்கும் பெட்டி இதுதான்.

இனி அந்த அறையின் மையத்தில் இருந்த ஸ்விட்ச் பெட்டிக்கு வருகிறேன். ஒரு ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் ஒயர் அதில் நுழையும். பொத்தானை அழுத்தினால் இந்த ஜோடி பாடும், வேறொன்றை அழுத்தினால் அந்த ஜோடி பாடும். இதைவிட நேர்மையான பரீட்சை இருக்க முடியாது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ஒலிபெருக்கி வியாபாரத்தில் இதைவிடச் சாதுவான முகத்தோடு ஏமாற்றும் கருவி வேறு இல்லை. காரணம் இது. வில்சூரின் அடைத்த பெட்டி, கீழ்ஸ்தாயிக்கு விலையாக ஒலியின் அளவைக் கொடுத்துவிட்டது. ஒரே வால்யூம் குமிழ் நிலையில் கலிபோர்னியாப் பெட்டி அதைவிட ஐந்து டெசிபல் அளவுக்கு உரக்கப் பேசும். 3 டெசிபல் கூடவேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் இரட்டிப்புச் சக்தி தரவேண்டும் என்பது கணக்கு. அந்த வித்தியாசத்தைக் காது ‘உரக்க இருக்கிறது’ என்று புரிந்துகொண்டால் தொல்லையில்லை. அது அப்படிப் புரிந்துகொள்வதில்லை; ‘தெளிவாக இருக்கிறது’, ‘உயிரோடு இருக்கிறது’ என்றே புரிந்துகொள்கிறது. ஒலி தணியும்போது நம் செவி மேல் கோடியையும், அதைவிட அதிகமாகக் கீழ் கோடியையும் நழுவவிடுகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற பெல் ஆராய்ச்சிசாலை விஞ்ஞானிகள் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும் கடையில், உரத்த பெட்டியே ஜெயிக்கும். அதிக லாபம் எதில் இருக்கிறதோ அதற்கு அரைக்கால் சுற்று வால்யூமைக் கூட்டி வைப்பது இந்தத் தொழிலில் பல ஊர்களிலும் வழங்கிய ரகசியம்.

எங்கள் முதலாளிக்கு ஒரு நியதி உண்டு. ஸ்விட்சை மாற்றும்போது குமிழையும் கூடவே திருப்பி, இரண்டு பெட்டிகளும் ஒரே உரப்பில் பேசும்படி செய்யவேண்டும். அப்படிச் செய்யாமல் யாரும் எதையும் ஒப்பிட்டுக் காட்டக்கூடாது. தர்ம சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். உரப்பைக் கண்டு மயங்கி வாங்கிப் போகிறவர், வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மெல்ல வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, மறுவாரமே கடை வாசலில் வந்து நிற்பார் என்ற அனுபவ ஞானம் அது.

இந்த உரப்பு விஷயத்தில் சிகரம் தொட்டவர் ஆர்கன்ஸா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரைச் சேர்ந்த பால் க்ளிப்ஷ். அவருடைய க்ளிப்ஷ்ஹார்ன் 1946-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அறையின் மூலையில் பெட்டியைப் பொருத்தினால் இரண்டு பக்கச் சுவர்களுமே ஹார்னின் நீட்சியாகிவிடும்படி அமைத்திருந்தார். அதற்கு ஒரு வாட் மின்சக்தியே யதேஷ்டம். எங்கள் கடைக்கு அது வந்ததில்லை. வந்திருந்தாலும், ஒரு மூலையில் பூஜை அலமாரியும் மறுமூலையில் கொல்லைக் கதவும் உள்ள நம் கூடங்களில் அதை எங்கே வைப்பது? சக வியாபாரிகளின் விளம்பர ஜம்பத்தைக் கேட்கும்போதெல்லாம், கோட்டு மடிப்பைத் திருப்பி, உட்புறம் குத்தியிருக்கும் மஞ்சள் வில்லை ஒன்றைக் காட்டுவாராம் க்ளிப்ஷ். அதிலிருந்த கொச்சையான ஒற்றை வார்த்தைக்குச் ‘சுத்தப் புளுகு’ என்பதுதான் கண்ணியமான அர்த்தம்.

ஸ்விட்ச் பெட்டியை லட்சியம் செய்யாத வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மைலாப்பூர்க்காரர்கள். ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கையில் மஞ்சள் பைக்குள் தம் ரிக்கார்டுகளையே எடுத்து வருவார். 1963-இல் வெளிவந்த எம்.எஸ். ஸுப்ரபாத இசைத்தட்டு, அரியக்குடி ஒன்று, மதுரை மணி ஒன்று. ஸ்தோத்திரம் முழுவதையும் கேட்கமாட்டார். தம்பூரா மீட்டுகிற ஆரம்பத்தை மட்டும் கேட்பார்.

“தம்பி, அந்த ஆரஞ்சுப் பெட்டியிலே தம்பூரா நன்னாத்தான் இருக்கு. ஆனா அகாடமியிலே முதல் வரிசையிலே உட்கார்ந்தாக்கூட இவ்வளவு கிட்டக்க கேக்காதேப்பா.”

“அப்ப இந்த ஏ.ஆர். பெட்டி, சார்?”

“இது பத்தாவது வரிசை. எனக்கு எப்பவும் பத்தாவது வரிசைதான்.”

இந்தப் பரீட்சையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மார்கழியில் தெருவுக்குத் தெரு கச்சேரி நடக்கிற ஊரில், தம்பூராவும் மிருதங்கத்தின் தொப்பியும் எட்டடித் தூரத்தில் எப்படிக் கேட்கும் என்பதை அளவுகோலாகக் காதிலேயே வைத்திருந்தார். வில்சூரும் இதே அளவுகோலைத்தான் நம்பினார் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவை மேடையில் அமர்த்தி, வாசிப்பின் நடுவே அவர்கள் வில்லைத் தந்தியில் படாமல் அசைத்துக்கொண்டிருக்க, முன்கூட்டிப் பதிவு செய்த அதே வாசிப்பை ஏ.ஆர்-3 பெட்டிகள் ஒலிக்கும்; எங்கே நிஜம் முடிந்து எங்கே பதிவு தொடங்கிற்று என்று சபையோருக்குத் தெரியாது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்த ஸ்தாபனம் ஓர் இசை அறையே வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர் யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அங்கே விற்பனை கிடையாது. எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னபோது, “வாடகை யார் குடுக்கறா?” என்று மட்டும் கேட்டார்.

நான் பாஸ்டன் கட்சி என்பது இதற்குள் விளங்கியிருக்கும். ஆனால் நாகஸ்வரத்துக்கு மட்டும் கலிபோர்னியாவே சரணம். கபாலி கோயில் வீதியில் நின்று கேட்கும் நாகஸ்வரத்தின் அந்த வீறு, ஏ.ஆர். பெட்டியில் அடுத்த தெருவில் புறப்பாடு நடப்பதுபோல் ஒதுங்கியே ஒலிக்கும். எல்-100 அதைக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும். திருவிளையாடல் வசன ரிக்கார்டுக்கும் அப்படியே. 1978-இல் ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தபோது, இடது பெட்டியில் ஒன்றும் வலது பெட்டியில் ஒன்றுமாக வாத்தியங்கள் பிரிந்து நிற்பதைக் கேட்பதற்கென்றே காலேஜ் மாணவர்கள் கும்பலாக வந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பெட்டியைக் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இரண்டு கட்சியிலும் சேராதவர் ஒருவர் உண்டு; அவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளவும் ஓரளவு பாத்தியதை உண்டு. அமர் கோபால் போஸின் தகப்பனார் நொனி கோபால் போஸ் வங்காளத்துப் புரட்சிக்காரர். பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி 1920-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மகன் பிலடெல்பியாவில் பிறந்து, யுத்த காலத்தில் பள்ளிப் பையனாக ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்கு உதவி, எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு எட்டும் நாதத்தில் பெரும்பகுதி சுவர்களில் பட்டுத் திரும்புவதே என்பது அவருடைய சித்தாந்தம். 1968-இல் அவர் வெளியிட்ட 901 என்ற பெட்டியில் ஒன்பது சிறு ஸ்பீக்கர்கள். அவற்றில் எட்டு பின்சுவரைப் பார்த்தபடி இருக்கும், ஒன்றுதான் கேட்பவரைப் பார்க்கும். வாத்திய ஒலி அறையில் அலைந்து திரிகிறது என்று அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை ஒன்று 1970-இல் விமரிசனம் எழுத, போஸ் வழக்குத் தொடுத்து, அது சுப்ரீம் கோர்ட் வரை போய், 1984-இல் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பாயிற்று.

சென்னையில் 901 படும் பாடு வேறு விதமானது. அதற்கென்று ஓர் ஈக்வலைசர் பெட்டி கூடவே வரும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அதைச் சேர்க்காவிட்டால் கீழும் மேலும் அடைபட்டு, கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். கைமாறிக் கைமாறி வரும் ஜோடிகளில் அந்தச் சின்னப் பெட்டி எங்கேயோ தொலைந்திருக்கும். ‘போஸ் என்றால் இவ்வளவுதானா’ என்று சலித்துக்கொண்டு பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். பின்சுவர் என்ற சமாசாரம் இன்னொன்று. லஸ்ஸுக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் பொருத்திக் கொடுக்கப் போனபோது, வீட்டுக்காரர் பெட்டிகளை முற்றத்தை ஒட்டி வைத்திருந்தார். பின்னால் சுவரே இல்லை. எட்டு ஸ்பீக்கர்களின் நாதமும் முற்றத்து ஆகாயத்துக்குப் போய், மிச்சமிருந்த ஒன்று மட்டும் ஊஞ்சலைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது. பூஜை அறைச் சுவருக்கு ஓரடி முன்னால் மாற்றி வைத்ததும், சமையலறையிலிருந்த அம்மாள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

பொதுவாகவே அமெரிக்கப் பெட்டிகள் நம் வீடுகளுக்கென்று பிறந்தவை அல்ல. தரையில் கம்பளமும், ஜன்னலில் கனத்த திரையும், மெல்லிய பலகைச் சுவருமாக உள்ள அறையை மனத்தில் வைத்து அவற்றைச் செய்தார்கள். பலகைச் சுவர் கீழ்ஸ்தாயியில் ஒரு பகுதியை வெளியே கசியவிடும். செங்கல் சுவர் அப்படியே திருப்பியடிக்கும். மொஸைக் தரை மேல்ஸ்தாயியைக் கூர்மையாக்கும். ஆகவே வாங்கியவர் வீட்டுக்குப் போய், பெட்டியைச் சுவரிலிருந்து முக்காலடி இழுத்து, மூலையிலிருந்து தள்ளி, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் மகிழ்ந்து, இல்லாவிட்டால் ஒரு ஜமக்காளத்தையாவது விரிக்கச் சொல்லிவிட்டு வருவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. மின்விசிறிக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுக் காம்போதி கேட்கும் ரசிகரை நான் பார்த்ததில்லை.

மின்சாரமும் ஒரு வில்லங்கம். பெட்டிகளுக்கு அது பொருட்டல்ல. கூட வரும் சாதனங்களுக்குத்தான். 110 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ரிச்சி தெருவில் சுற்றிக் கொடுப்பார்கள். ஆனால் அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 முறை துடிப்பது, நம்முடையது 50 முறை. அந்தத் துடிப்பை நம்பிச் சுழலும் மோட்டார் கொண்ட ஏ.ஆர். டர்ன்டேபிள், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகாலுக்கு மேல் சுற்றவேண்டியது, இங்கே இருபத்தெட்டுக்கும் குறைவாகவே சுற்றும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அம்மாள் மூன்று கட்டைக்கு இறங்கி, ஆண் குரலில் பாடுவார். பெஸன்ட் நகர்ப் பேராசிரியர் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட்டது என்று சண்டைக்கே வந்துவிட்டார். புதுப்பேட்டை லேத் பட்டறையில், மோட்டார் புல்லியை ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பெரிதாகக் கடைந்து மாட்டினோம். அம்மாள் மறுபடி ஐந்து கட்டைக்கு ஏறினார். சுருதிப் பெட்டியை அருகில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பேராசிரியர் பணம் கொடுத்தார்.

ஏ.ஆர்-3, 3ஏ பெட்டிகள் நாலு ஓம் தடை உள்ளவை. அதாவது ஆம்ப்ளிஃபையரிடமிருந்து மின்னோட்டத்தைத் தாராளமாக உறிஞ்சுபவை. உள்ளூர் ஆம்ப்ளிஃபையர்களில் இருந்த 2என்3055 டிரான்ஸிஸ்டர்கள், எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பழகியவை, கல்யாண வீட்டில் வால்யூமை ஏற்றிய சற்று நேரத்தில் வெந்து விழும். மாற்று டிரான்ஸிஸ்டர் சட்டைப்பையில் இல்லாமல் எங்கள் மெக்கானிக் அந்த வீடுகளுக்குப் போனதே இல்லை.

கடற்காற்று செய்த சேதம்தான் பெரிது. 3ஏ பெட்டியின் பின்புறத்தில், நடுஸ்தாயிக்கும் மேல்ஸ்தாயிக்கும் தனித்தனியே ஒரு குமிழ் இருக்கும். அமெரிக்காவிலேயே துருவுக்குப் பேர்போன குமிழ்கள். திருவான்மியூர், பெஸன்ட் நகர் உப்புக் காற்றில் கேட்க வேண்டுமா? பச்சைக் களிம்பு படர்ந்து மின்சாரம் பாய்வது நின்றுபோகும். ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று எண்ணி உள்ளூர் ட்வீட்டரை ஒட்டவைத்த ஜோடிகள் எத்தனையோ. கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு விளிம்போ, ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருஷத்தில் விரல் பட்டால் கருப்புப் பிசினாகக் கையோடு வரும். ரிச்சி தெருவில் இதற்கென்றே கைதேர்ந்த தொழிலாளிகள் உண்டு. கூம்பின் ஓரத்தைச் சுரண்டி, புது விளிம்பை ஒட்டி, வாய்ஸ் காயில் காந்தத்தின் நடுவே உரசாமல் நிற்பதற்காக, எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய மெல்லிய கீற்றுகளை இடுக்கில் செருகி, பசை காய்ந்த பின் ஒவ்வொன்றாக உருவுவார்கள். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை ஒயரில் தொட்டுப் பார்ப்பார்கள். கூம்பு முன்னால் எழும்பினால் இணைப்பு நேர், பின்னால் அமிழ்ந்தால் தலைகீழ்.

வில்சூர் 1967-இல் தம் ஸ்தாபனத்தை விற்றுவிட்டு, மீதி ஆயுளைக் காது கேளாதவர்களுக்கான கருவி ஆராய்ச்சியில் கழித்தார். மெல்லிய ஒலியை அதிகமாகவும், உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குவது, அதையும் ஸ்தாயி வாரியாகத் தனித்தனியே செய்வது என்ற அவருடைய முறையைக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். மஞ்சள் பைப் பெரியவருக்குப் பிற்காலத்தில் செவிக்கருவி வந்தது. அதை அணிந்துகொண்டு ஒரு தரம் ஏ.ஆர். பெட்டி முன் உட்கார்ந்து பார்த்தார். “இப்போ ரெண்டாவது வரிசைக்கு வந்துட்டேன்” என்று சலித்துக்கொண்டு, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கேட்டார்.

எல்-100 பெட்டியை 2018-இல் அதே ஸ்பாஞ்சு முகத்தோடு ஜே.பி.எல். மறுபடி செய்து விற்கத் தொடங்கியிருப்பதால், பழைய ஜோடிகளின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே தாத்தா காலத்துப் பெட்டிகள் பரணில் இருந்தால் காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு தரம் பாருங்கள். பின்குமிழ்களை இரண்டு பக்கமும் இருபது தடவையாவது திருப்பிவிட்டுப் பிறகு ஒலிக்கவிடுங்கள். வூஃபர் விளிம்பு உதிர்ந்திருந்தால் ஒலிக்கவிடவே வேண்டாம், வாய்ஸ் காயில் போய்விடும். நேரே ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோங்கள். பெட்டி 901 ஆக இருந்தால், அதே பரணில் புத்தகம் அளவுக்கு ஒரு தட்டைப் பெட்டி, முகத்தில் சிறு நகர்த்திகளோடு, வேறு ஏதோ சாமான் என்று எண்ணி யாரோ தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதை முதலில் தேடுங்கள்.